உளுத்த புளியங்கட்டைக்கு ரெசின் ஏற்றலாமா?

ஆழ்வார்திருநகரி என்றதும் யாருக்கும் முதலில் ஞாபகம் வருவது ஒரு புளியமரம். ஆதிநாதர் கோயிலுக்குள் நிற்கும் உறங்காப்புளி. நம்மாழ்வார் அதன் பொந்தில்தான் அமர்ந்திருந்தார் என்பது நம்பிக்கை. பொழுது சாய்ந்ததும் எல்லாப் புளியமரங்களும் இலையைக் கூப்பிக்கொள்ளும், இது மட்டும் கூப்பாது என்று ஊரில் சொல்வார்கள். அதனால்தான் அந்தப் பெயர். திருப்புளியாழ்வார் என்று மரத்துக்கே ஆழ்வார் பட்டமும் உண்டு.

ஆனால் இங்கே பேசப்போவது அந்தப் புளியைப் பற்றி அல்ல. அதற்குக் கோயில் இருக்கிறது, பார்த்துக்கொள்ள ஆட்கள் இருக்கிறார்கள். கோயிலுக்கு வெளியே, சாலை ஓரத்திலும் குளத்துக் கரையிலும் தோட்டத்து மூலையிலும் பட்டமும் பெயரும் இல்லாமல் நிற்கிற மற்ற புளிகளைப் பற்றித்தான் பேச்சு. அவை செத்த பிறகு என்ன ஆகின்றன என்று என்றைக்காவது யோசித்தது உண்டா?

பெரும்பாலும் விறகுதான். நெல்லைப் பக்கம் சாலையை அகலப்படுத்தினால் முதலில் விழுவது புளிதான். நிற்கிற காலத்தில் புளி மகசூலை ஏலம் விட்ட அதே அரசாங்கம், விழுந்த பிறகு கட்டையையும் ஏலம் விடும். எடுத்தவர் அடிமரத்தில் நல்ல துண்டாகப் பார்த்துக் கறிக்கடைக்கு ஒதுக்குவார் (கறி வெட்டும் அடிக்கட்டைக்குப் புளியை மிஞ்ச வேறு மரம் இல்லை). மீதி செங்கல் சூளைக்கு. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரை தாண்டி ஊருக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் மாட்டிக்கொண்ட கதை எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு வெள்ளம் வந்து போனால் சாய்ந்த மரங்கள் கரையிலேயே மாதக்கணக்கில் ஈரத்தில் கிடக்கும். பிறகு எடுத்துப் பார்த்தால் வெள்ளைப் பாகம் இற்றுப்போய், நகத்தால் கீறினாலே பொடியாக உதிரும். சூளைக்காரர் கூட விலையைக் குறைத்துக் கேட்பார்.

விஷயமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. உதவாது என்று நாம் ஒதுக்குகிற அதே இற்றுப்போன புளியைத்தான் வெளிநாட்டுக் கடைசல்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

புளியமரத்தின் நடுவில் கொஞ்சம்தான் வைரம் இருக்கும். கறுத்த ஊதா நிறம், இரும்பு மாதிரி. அதைச் சுற்றி அகலமாக வெளிறிய மரம். மரம் விழுந்து ஈரத்தில் கிடக்கும்போது இந்த வெளிறிய பாகத்தில் பூஞ்சை ஏறுகிறது. ஒரே கட்டையில் இரண்டு மூன்று வகைப் பூஞ்சைகள் குடியேறினால் ஒவ்வொன்றும் தன் எல்லையைக் காத்துக்கொள்ள ஒரு கறுப்புக் கோடு போடும். வரப்புச் சண்டை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுத்துப் பார்த்தால் வெள்ளை மரத்தில் யாரோ மைப்பேனாவால் வரைபடம் வரைந்தது போல இருக்கும். தாய்லாந்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் இந்தக் கோடு விழுந்த புளி அமெரிக்கா, ஐரோப்பா என்று போகிறது. பேனா, கிண்ணம், கத்திப் பிடி எல்லாம் செய்கிறார்கள். அங்கே இருக்கிற புளியும் இங்கே இருக்கிற புளியும் ஒரே இனம்தான்.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. கோடு போடுகிற பூஞ்சையேதான் மரத்தைத் தின்கிறது. கோடு அழகாக வரும் நேரத்தில் மரம் பாதி பொக்காகியிருக்கும். லேத்தில் மாட்டி உளியை வைத்தால் சீவல் வராது, பொடிதான் வரும். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் துண்டே பிய்த்துக்கொண்டு பறக்கும். இந்தப் பொக்கு மரத்தை மறுபடி கெட்டியாக்கத்தான் ரெசின் ஏற்றுகிறார்கள்.

அது எப்படி என்று கொஞ்சம் பார்க்கலாம். வணிகவியல் வகுப்புக்காரர்களுக்கும் புரிகிற சங்கதிதான்.

எந்த மரமானாலும் அதன் சுவர்ப் பொருளின் அடர்த்தி கிட்டத்தட்ட 1.5. தண்ணீரைவிடக் கனம். அப்புறம் ஏன் மிதக்கிறது? உள்ளே முழுக்கக் காற்று. காய்ந்த மரம் ஒன்றின் அடர்த்தி 0.5 என்றால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் மரம், மீதி இரண்டு பங்கு வெறும் இடம். பூஞ்சை தின்ற மரத்தில் இந்த வெறும் இடம் இன்னும் அதிகம். அந்த இடத்தை நிரப்புவதுதான் வேலை.

முதலில் கட்டையை அடுப்பில், அதாவது ஓவனில், 105 டிகிரி சென்டிகிரேடு அளவில் ஒரு நாள் முழுக்கக் காய வைக்க வேண்டும். எடை போட்டு, மறுபடி காய வைத்து, மறுபடி எடை போட்டு, இனி எடை குறையவில்லை என்றால்தான் காய்ந்ததாகக் கணக்கு. 'வெயிலில் போட்டேன், நல்லாக் காஞ்சிட்டு' என்பது இங்கே செல்லாது. அதுவும் திருச்செந்தூர்க் கடற்காற்று வீசுகிற ஊரில் வெளியே எடுத்து வைத்த கட்டை மறுபடி ஈரத்தை உறிஞ்ச ஆரம்பித்துவிடும். ஆகவே சூட்டோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கட்டி ஆற விட வேண்டும். சூடாக இருக்கும்போதே ரெசினில் போட்டாலும் தப்பு, ரெசின் பாத்திரத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும்.

ஆறின கட்டையைப் பாத்திரத்தில் வைத்து, மிதக்காமல் மேலே கனம் வைத்து, முங்கும்படி ரெசின் ஊற்ற வேண்டும். தண்ணீர் போல ஓடுகிற, சூட்டில் மட்டும் இறுகுகிற அக்ரிலிக் வகை ரெசின் இது. பாத்திரத்தை மூடி, வேக்குவம் பம்பை ஓட விட்டால் கட்டைக்குள் இருக்கும் காற்று குமிழி குமிழியாக வெளியே வரும். ஏசி மெக்கானிக் கையில் தூக்கிக்கொண்டு வருவாரே, அதே பம்ப்தான். குமிழி நிற்கும் வரை ஓட விட வேண்டும். அதற்குச் சில மணி நேரம் ஆகலாம்.

பலரும் பம்ப்தான் ரெசினை உள்ளே இழுக்கிறது என்று நினைக்கிறார்கள். இல்லை. பம்ப் காற்றை வெளியேற்றுகிறது, அவ்வளவுதான். பம்பை நிறுத்திக் குழாயைத் திறந்தவுடன் வெளிக்காற்றின் அழுத்தம் ரெசினைக் கட்டைக்குள் தள்ளுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம். 5 செ.மீ. அகலம், 5 செ.மீ. உயரம், 15 செ.மீ. நீளம் உள்ள ஒரு துண்டின் மேற்பரப்பு 350 சதுர செ.மீ. அப்படியென்றால் 350 கிலோ சுற்றிலும் நின்று அமுக்குகிறது! அதனால் காற்றைத் திறந்துவிட்ட பிறகும் அவசரப்படாமல் ஊற விட வேண்டும். பம்ப் ஓடிய நேரத்தைப் போல இரண்டு மடங்காவது ஊற வேண்டும் என்பது பழக்கம்.

கடைசியில் கட்டையை எடுத்து வடித்து, அலுமினியத் தாளில் சுற்றி, 90 முதல் 100 டிகிரி சூட்டில் வேக வைத்தால் உள்ளே போன ரெசின் இறுகிவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற பெரிய வெடிப்பையும் பொந்தையும் இது அடைக்காது. ரெசின் வடிந்து போய்விடும். அதற்கு வேறு ரெசின், வேறு முறை. அதே போல வைரம் பாய்ந்த மரம் ரெசினைக் குடிக்கவே குடிக்காது, அதற்கு அவசியமும் இல்லை. பொக்கு மரம் மட்டும் தன் எடைக்குச் சமமாகக் கூடக் குடிக்கும்.

இதை ஏதோ நேற்று முளைத்த வெளிநாட்டு வித்தை என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. மரத்துக்குள் எதையாவது ஏற்றிக் காப்பாற்றுவது பழைய சமாச்சாரம். ஜான் பெத்தல் என்கிற ஆங்கிலேயர் 1838-லேயே காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தத்தில் கிரியோசோட் எண்ணெயை மரத்துக்குள் ஏற்றக் காப்புரிமை வாங்கினார். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த கறுப்புக் கட்டைகள் அந்த முறையில் வந்தவைதான். நம் பக்கத்தில் அறுத்த மரத்தை மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போடுவார்கள். மாவுச்சத்து கரைந்து போனால் வண்டு வராது. வள்ளத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவதும் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பலகை இடுக்கில் அடைப்பதும் கடற்கரைக்காரர்களுக்குப் பாடம் சொல்லித் தர வேண்டிய விஷயங்கள் அல்ல. கடைசல் பட்டறைகளுக்கு வருகிற ரப்பர் மரமே பெரும்பாலும் வேக்குவத்தில் வைத்துப் போரான் உப்பு ஏற்றப்பட்டு வருவதுதான். இல்லாவிட்டால் அறுத்த சில நாளில் பூசணம் பிடித்துவிடும்.

ஆகவே 'இது நம்ம வழக்கம் இல்ல' என்கிற வாதம் நிற்காது. ஆனாலும் இந்த ரெசினைக் கையைத் தட்டி வரவேற்க முடியாத இடம் ஒன்று இருக்கிறது. அது ஆழ்வார்திருநகரிக்கு மேற்கே, அதே ஆற்றின் மேல்கையில் இருக்கும் அம்பாசமுத்திரம்.

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் தெரியாத வீடு திருநெல்வேலிச் சீமையில் குறைவு. அம்மி, உரல், திருகை, குடம், அடுப்பு, சட்டி எல்லாம் விரல் அளவில். கடைசல் பிடித்து, அரக்குப் பூசி, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக மினுங்கும். ஒரு காலத்தில் மலையிலிருந்து மஞ்சக்கடம்பு வந்தது. வனச் சட்டங்கள் இறுகி, 1988-ல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் வந்த பிறகு காட்டு மரம் என்பது பழைய கதையாகிவிட்டது. அது சரியான முடிவுதான், அந்தக் காடு இல்லாவிட்டால் தாமிரபரணியே இல்லை. ஆனால் பட்டறைக்காரர் மரத்துக்கு எங்கே போவார்? தேக்குத் துண்டு, ரப்பர், தைலமரம் என்று கிடைத்ததில் கடைந்து பிழைப்பை ஓட்டுகிறார்கள். அந்த நிலையில் ஒருவர் வந்து 'உளுத்த கட்டையைக் கூட ரெசின் ஏற்றிக் கடையலாம் அண்ணாச்சி' என்றால் காதில் தேன் பாய்ந்த மாதிரிதான் இருக்கும்.

அங்கேதான் நிறுத்த வேண்டும். சொப்புக்கு ரெசின் ஏற்றிய மரம் கூடாது. ஒரு துண்டு கூடக் கூடாது.

ஏன்? பாபநாசம் குளிக்கப் போகிற வழியில் ஒரு அம்மா கடையில் இறங்கி என்ன கேட்பார்?

"அண்ணாச்சி, பிள்ள வாயில வச்சிரும். ஒண்ணும் செய்யாதுல்லா?"

"அரக்குதான தாயி, ஒண்ணும் செய்யாது."

இந்த இரண்டு வரிதான் அந்தத் தொழிலின் மூலதனம். வணிகவியல் புத்தகத்தில் நற்பெயர் என்று ஒரு சொத்தைக் கணக்கில் காட்டச் சொல்லித் தருகிறார்களே, அது இதுதான். அரக்கு என்பது மரத்துக் கொம்பில் வாழும் சிறு பூச்சி சுரக்கிற பிசின். சுத்தம் செய்த அரக்கை மாத்திரைக்கும் மிட்டாய்க்கும் மேல்பூச்சாகவே போடுகிறார்கள். லேத்தில் சுற்றுகிற சொப்பின் மேல் அரக்குக் கட்டியை அழுத்தினால் உரசுகிற சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தாழை ஓலையை வைத்து அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு. பிரஷ் இல்லை, தின்னர் நாற்றம் இல்லை. (அரக்கில் கலக்கிற சாயம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது வேறு விஷயம், அதையும் கேட்கத்தான் வேண்டும்.)

'அரக்கும் ரெசின்தானே?' என்று ஒரு எதிர்க்கேள்வி வரும். நல்ல கேள்வி. இரண்டும் பிசின் குடும்பம்தான். இன்னும் சொல்லப்போனால் தாத்தாவின் பல்செட்டு கூட அக்ரிலிக்தான், நாள் முழுக்க வாயிலேயே இருக்கிறது, தாத்தாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழுதாக இறுகிய அக்ரிலிக் சும்மாதான் கிடக்கும். கேள்வி அது அல்ல. முழுதாக இறுகியதா என்பதுதான் கேள்வி. பல்செட்டு செய்கிற இடத்தில் அதற்கென்று முறையும் அளவும் இருக்கிறது. பட்டறைத் திண்ணையில் பழைய ஓவனில் வேக வைத்த கட்டையின் நடுப்பாகம் சூடு ஏறியதா, ஈரம் மிச்சமிருந்து ரெசின் பச்சையாகவே நின்றுவிட்டதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. கடையும்போது வெளிப்பாகம் போய் அந்த நடுப்பாகம்தான் மேலே வரும். அதுதான் குழந்தையின் வாய்க்குப் போகும்.

சட்டமும் இதில் ஒரு கோணம். பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு 2021 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைக்கும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். சிறு பட்டறைகள் மூச்சு விடுவது அந்த விலக்கினால்தான். கைவேலை, பழைய முறை என்று நம்பித்தான் அந்தச் சலுகை. அந்தப் போர்வைக்குள் புது ரசாயனத்தை நுழைத்தால், என்றைக்காவது ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகும்போது கேள்வி ஒரு பட்டறையோடு நிற்காது, ஊர் முழுக்கப் போகும்.

சரி, அப்படியானால் ரெசினே வேண்டாமா? வேண்டும். கத்திப் பிடிக்கு, பேனாவுக்கு, சாவிக்கொத்துக்கு, முத்திரைப் பிடிக்கு, ஜாடி மூடியின் குமிழுக்கு வேண்டும். வாய்க்குப் போகாத, பெரியவர்கள் காசு கொடுத்து வாங்குகிற பொருள்களுக்கு. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அதுதான் சரி வருகிறது.

ஒரு கிலோ ரெசின் 1,500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன 5 x 5 x 15 துண்டின் கன அளவு 375 கன செ.மீ. அடர்த்தி 0.5 என்றால் எடை 190 கிராம் அளவு. அதே எடைக்கு ரெசின் குடித்தால் 285 ரூபாய். அந்தத் துண்டை விறகாக விற்றால் ஒன்றிரண்டு ரூபாய் கூடத் தேறாது. ஆக மரத்தின் விலையைவிட அதற்குள் போகிற ரெசின் நூறு மடங்குக்கு மேல். கரண்டும் கூலியும் இன்னும் சேர்க்கவில்லை. பத்துப் பதினைந்து உருப்படி உள்ள ஒரு சொப்புப் பெட்டி இந்தச் செலவைத் தாங்குமா? தாங்காது. ஆனால் ஒரு பேனாவுக்கு 2 x 2 x 13 துண்டு போதும். 52 கன செ.மீ., 26 கிராம் மரம், 26 கிராம் ரெசின், 39 ரூபாய். கோடு விழுந்த புளியில் கடைந்த பேனா என்று சொன்னால் வாங்குகிறவர் அந்த 39 ரூபாயைக் கவனிக்கக் கூட மாட்டார்.

இந்தக் கணக்கில் எல்லாரும் விட்டுவிடுகிற ஒரு வரி இருக்கிறது: கடைசலில் கழிவு. உருண்டையாகக் கடையும்போது பாதி மரம் சீவலாகக் கீழே விழுகிறது. ரெசின் ஏற்றிய கட்டை என்றால் பாதி ரெசினும் சீவலோடு போகிறது. அதாவது குப்பைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். ஆகவே பெரிய கட்டைக்கு ஏற்றிவிட்டு அறுப்பது முட்டாள்தனம். முடிந்தவரை அளவுக்கு அறுத்துவிட்டு, மூலையை எல்லாம் தட்டிவிட்டு, அப்புறம் ஏற்ற வேண்டும்.

காசு போகட்டும். அந்தச் சீவல் எங்கே போகும் என்று யாராவது கேட்டார்களா? கடைசல் பட்டறைச் சீவல் இத்தனை காலமும் ஒரு பிரச்சினையாகவே இருந்தது இல்லை. வெந்நீர் அடுப்புக்குப் போகும், மாட்டுத் தொழுவத்தில் ஈரத்துக்குப் போடுவார்கள், மீதி குப்பைக்குழியில் மக்கிப் போகும். ரெசின் சீவல் இது எதற்கும் ஆகாது. மக்காது. அடுப்பில் போட்டால் அக்ரிலிக் புகை வீட்டுப் பெண்களின் மூக்குக்குத்தான் போகும். பார்வைக்கு அது சாதாரண மரச் சீவல் மாதிரியே இருக்கும் என்பதுதான் இதில் மோசம். பட்டறையில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியும், அள்ளிக்கொண்டு போகிற பக்கத்து வீட்டு ஆச்சிக்குத் தெரியாது. காற்றடித்தால் வாய்க்காலுக்கும் போகும். தாமிரபரணியில் ஏற்கெனவே கிடக்கிற பிளாஸ்டிக் போதாதா?

இதனால்தான் ஒவ்வொரு பட்டறைக்காரரும் தனித்தனியே பம்பும் ஓவனும் வாங்கிப் போடுவது நல்ல யோசனை அல்ல. மழையில் சாய்கிற கட்டை நம்மை நம்பி வருகிற சரக்கு இல்லை. ஒரு வருஷம் குவியும், மறு வருஷம் ஒன்றும் வராது. இயந்திரம் சும்மா கிடந்தாலும் வட்டி ஓடும். ஒரு கூட்டுறவுச் சங்கமோ, கைவினைஞர் குழுவோ ஒரே இடத்தில் இதைச் செய்து, எடை குறித்து, எத்தனை மணி நேரம் வேக வைத்தது என்று எழுதி ஒட்டி, துண்டாகக் கடைசல்காரருக்கு விற்பதுதான் சரி. சீவலையும் அதே இடம் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். ரெசின் கட்டையைக் கடைகிற லேத்தும் சொப்புக் கடைகிற லேத்தும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக் கூடாது. கடைகிறவருக்கு நல்ல மாஸ்க் கட்டாயம். பூஞ்சைத் தூள், ரெசின் தூள் இரண்டும் நெஞ்சுக்கு ஆகாது, துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது.

இதையெல்லாம் எதிர்க்கிற சிலருடைய வாதத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க வேண்டாம். மரம் என்றால் மக்க வேண்டும், மக்காத மரம் மரமே இல்லை என்கிறார்கள். பாதிக்குப் பாதி பிளாஸ்டிக் ஏறிய ஒன்றை 'மரப் பேனா' என்று விற்பது ஏமாற்று இல்லையா? பெயரை மறைத்து விற்றால் ஏமாற்றுதான். பெட்டியில் 'ரெசின் ஏற்றிய புளி' என்று தமிழில் பெரிய எழுத்தில் போட்டுவிட்டால் அது நேர்மையான சரக்கு. வாங்குகிறவர் முடிவு செய்துகொள்ளட்டும். சில கடைக்காரர்கள் பயப்படுவார்கள், அப்படிப் போட்டால் ஓடாது என்று. வெளிநாட்டில் அதைப் போட்டுத்தான் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள்.

இன்னொரு பயம், ரெசின் வந்தால் நல்ல மரத்தைத் தேர்ந்தெடுக்கிற கண் போய்விடும் என்பது. தட்டிப் பார்த்துச் சத்தத்திலேயே கட்டையின் குணத்தைச் சொல்கிற பெரியவர்கள் பட்டறைகளில் உண்டு. எதை வேண்டுமானாலும் கெட்டியாக்கலாம் என்றால் அந்தக் கண்ணுக்கு என்ன வேலை? உண்மையில் வேலை அதிகமாகத்தான் ஆகும். ரொம்ப இற்றுப்போன கட்டைக்கு ரெசின் ஏற்றினால் அது மரமாகவே இராது, காசும் தண்டம். இற்றுப்போகாத கட்டையில் கோடு இராது. இரண்டுக்கும் நடுவில் எந்தக் கட்டை, எந்தப் பக்கம் அறுத்தால் கோடு முகத்தில் விழும் என்று சொல்ல அதே பழைய கண்தான் வேண்டும். பம்ப் அதைச் சொல்லாது.

கட்டையில் கோடு விழுவதற்குப் பெரிய ஏற்பாடும் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை அதை இலவசமாகவே செய்துகொண்டிருக்கிறது. புரட்டாசி முடிவதற்குள் கட்டையை ஆள் நீளத்துக்கு அறுத்து, நிழலில் மண் மேல் போட்டு, சாக்கால் மூடிவிட்டால் போதும். தை பிறந்ததும் ஒரு துண்டு அறுத்துப் பார்க்கலாம். கோடு வந்திருந்தால் உடனே பலகையாக அறுத்துக் காற்றோட்டமாக அடுக்கிவிட வேண்டும், ஈரம் போனால் பூஞ்சை நின்றுவிடும். வரவில்லை என்றால் மாசி வரை விடலாம். அதற்கு மேல் விட்டால் தூள்தான் மிஞ்சும். சாலைப் புளியை ஏலம் எடுக்கிறவர்கள் லாரியைச் சூளைக்கு அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கட்டையைக் கீழே இறக்கிப் போட்டு இதைச் சோதித்துப் பார்க்கலாம், நஷ்டம் ஒரு நாள் விறகு விலைதான்.